ஏத்தும்மா, ஏத்து

கையில் ரெண்டு ராஜா. எதிரே சம்மந்தி.

ரெண்டையும் நம்ப முடியாது.

மத்தியானத்தில் சலூனுக்கு ஆள் வருவதில்லை. முடிவெட்டுகிறவர் சீட்டைக் கலைத்துப் போடுவார். நாங்கள் ரெண்டு பேரும் சுழல்நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போக்கர் ஆடுவோம். ஆளுக்கு ரெண்டு சீட்டு கையில்; நடுவில் விழுகிற அஞ்சு சீட்டு இருவருக்கும் பொது. பந்தயம் தீக்குச்சி. ஒரு தடவை ஏற்றினால் ரெண்டு குச்சி, அதற்கு மேல் கூடாது. மொத்தத்தையும் தள்ளி ஆளை மிரட்டுகிற வேலை இங்கே நடக்காது.

குச்சிதானே என்று நினைக்க வேண்டாம். குச்சி தீர்ந்தவனுக்கு ஜன்னலோரக் கட்டில் கிடையாது.

என் மகன் வீட்டில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை. இவர் என் மருமகளைப் பெற்றவர். ஒரு கட்டில் ஜன்னலோரம், காற்று வரும். இன்னொன்று கக்கூஸ் கதவோரம். அங்கேயும் காற்று வரும்.

வந்த புதிதில் விருந்தாளி என்று ஜன்னலை விட்டுக்கொடுத்தேன். விருந்தாளி வேர் விட்டுவிட்டார். திருப்பிக் கேட்டால், ஆடி ஜெயித்து எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்.

"ஏத்துறேன்" என்று ரெண்டு குச்சியை நகர்த்தினார் சம்மந்தி.

ராஜா ஜோடி வைத்திருப்பவன் திருப்பி ஏற்ற வேண்டும். அதுதான் முறை. ஆனால் நான் திருப்பி ஏற்றினால் கையில் கனம் இருக்கிறது என்று தெருநாய்க்குக்கூடத் தெரியும். வெறுங்கையோடு ஏற்றுகிற பழக்கம் எனக்கில்லை. சம்மந்தி மூக்கைச் சொறிந்துகொண்டே சீட்டைக் கவிழ்த்துவிடுவார். எனக்கு ரெண்டு குச்சி மிஞ்சும். பல் குத்தலாம்.

பதுங்கலாம் என்றால், போன வாரம் இதே ராஜா ஜோடியைக் கோழி மாதிரி அடைகாத்தேன். மனுஷன் செலவில்லாமல் உள்ளே வந்துவிட்டார். கடைசிச் சீட்டாக நடுவில் ஓர் ஏழு விழுந்தது. அவர் கையில் ஏற்கெனவே ரெண்டு ஏழு. எனக்குக் கதவோரக் காற்று.

ஏற்றினால் ஓடுவார். ஏற்றாவிட்டால் ஏறி மிதிப்பார்.

சட்டைப்பையில் போன் அலறியது.

முடிவெட்டுகிறவர் சிரித்தார். "மருமகப்பொண்ணு மோட்டார் போடவான்னு கேக்கும். எடுங்க பெரியவரே."

அது நான் போட்ட சட்டம். மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதென்றால் என்னைக் கேட்காமல் யாரும் சுவிட்சில் கை வைக்கக் கூடாது. ஒரு தடவை சம்மந்தி போட்டுவிட்டுத் தூங்கிப்போக, மோட்டாரே கருகிவிட்டது. அன்றிலிருந்து யாரையும் நம்புவதில்லை. அதற்கு முன்னாலும் நம்பியதில்லை.

பொத்தானை அழுத்திக் காதில் வைத்தேன்.

"ஏத்தும்மா, ஏத்து" என்றேன்.

சம்மந்தி துள்ளினார். "ஏத்திட்டாரு! காதால கேட்டீங்கல்ல? ஏத்துன்னுட்டாரு!"

வாயில் வந்தது வந்ததுதான் என்பது இந்த மேசையின் விதி. நான் பேச்சு மாறுகிறேன் என்று சொல்லி அதைக் கொண்டுவந்ததே அவர்தான்.

"என்ன சம்மந்தி அநியாயம்! நான் தண்ணிய ஏத்தச் சொன்னேன்!"

கத்தினேன். தலையில் அடித்துக்கொண்டேன். எதிர்க் கண்ணாடியில் என்னைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"விதின்னா விதிதான்" என்று முடிவெட்டுகிறவர் என் குச்சிகளை நடுவில் தள்ளினார்.

எலி பொறியில் மாட்டிக்கொண்டது என்று சம்மந்திக்கு ஒரே குஷி. மேலே ஏற்றினார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஈடு வைத்தேன். நடுவில் சீட்டு விழ விழ, அவர் ஏற்றுவதும் நான் புலம்புவதுமாகக் குச்சி குவிந்தது. தன் பக்கம் துடைத்துவிட்டாற்போல ஆனதும் கையைத் திறந்தார்.

ரெண்டு ராணி.

என் ராஜாக்களைப் பக்கத்தில் வைத்தேன். நல்ல பொருத்தம்.

வீடு வந்ததும் சம்மந்தி துண்டை எடுத்தார். நேராகக் குளிக்கப் போனார். நான் அவர் தலையணையைக் கதவோரம் எறிந்துவிட்டு ஜன்னலோரம் சாய்ந்தேன்.

குளியலறைக் கதவு படாரென்று திறந்தது. இடுப்பில் துண்டு, தலை முழுக்கச் சோப்பு, ஒரு கண் இறுக்க மூடியிருந்தது.

"ஏம்மா, தண்ணி நின்னுபோச்சே! மோட்டார் போடலையா?"

மருமகள் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "மாமா சொல்லாம நான் எப்படிப்பா போடுறது?"

"அதான் போன்ல சொன்னாரே, ஏத்து ஏத்துன்னு!"

"என்கிட்டயா? நான் இன்னிக்குப் போனே பண்ணலையே." என் பக்கம் திரும்பினாள். "மாமா, மத்தியானம் போடுற பிரஷர் மாத்திரைக்குக் காலையில உங்க போன்ல அலாரம் வச்சுக் குடுத்தேனே, அடிச்சுதா?"

சம்மந்தியின் மூடியிருந்த கண்ணும் திறந்துகொண்டது.

"நல்லா அடிச்சுதும்மா" என்றேன்.