அம்மாவின் போர்வை

தூசி படிந்திருந்த இரண்டாவது கோப்பையைக் கழுவி, டெரிக் டீ ஊற்றிக் கொடுத்தார். அந்த வீட்டுக்கு ஆள் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

“உங்கப்பா அம்மாவைக் கொன்னுட்டுத் தானும் செத்துட்டார்னு கேஸை மூடிட்டாங்க. அது தப்புன்னு தோணுது,” என்றார் போலீஸ் அதிகாரி ஹெதர். “இதே ஊர்ல இன்னும் ரெண்டு வயசான ஜோடி இதே மாதிரி செத்திருக்காங்க. எல்லாம் ஒரே ஆளோட வேலையா இருக்கலாம். உங்கம்மா மேல கிடந்த போர்வையில ஒரு சொட்டு ரத்தம் இல்ல. ரெண்டு பேரும் செத்தப்புறம் வேற யாரோ போத்தியிருக்காங்க.”

போன் அடித்தது. தங்கை மொரீன். அப்பாவை அம்மா பக்கத்திலேயே டெரிக் புதைத்ததற்காக, அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தியவள்.

“டெரிக்! போலீஸ்ல சொன்னாங்க. நம்ம அப்பா அப்படிச் செய்யல!” அழுதுகொண்டே சிரித்தாள். “கிறிஸ்துமஸுக்குப் பசங்களோட வர்றேன். வான்கோழியைப் பழையபடி கருக்கிடாத!”

போனை வைத்ததும் ஹெதர் பேனாவைத் திறந்தார்.

“முதல்ல பார்த்தது நீங்கதானே? அப்ப யாரும் உங்ககிட்ட இதைக் கேக்கல. நீங்க உள்ள வரும்போதே அந்தப் போர்வை இருந்துச்சா?”

அன்று அம்மாவின் பாதங்கள் சில்லிட்டுக் கிடந்தன. அவளுக்குக் குளிருமே என்று, அலமாரியிலிருந்து எடுத்துப் போர்த்திவிட்டவர் டெரிக்தான்.

“இருந்துச்சு,” என்றார்.