சாக்பீஸ் பல்

"டாக்டர், நம்ம ஓட்டக்காரி வந்திருக்கா. வாசக்கதவைப் பூட்டிடட்டுமா?"

நர்ஸம்மா கேட்ட தோரணையில் டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாவம், சும்மா இருங்க. உள்ளே அனுப்புங்க."

பாவமாவது! முதல் நாள் பல்லைக் காட்ட வந்தபோது சமர்த்தாகத்தான் இருந்தாள். மேல்வரிசை முன்பல்லில் ஒரு வெள்ளைப் புள்ளி. சின்ன வயதில் விழுந்து அடிபட்டதில் வந்தது. குட்டிப் பிள்ளைகளுக்கு டீச்சராம். "மிஸ், உங்க பல்லுல சாக்பீஸ் ஒட்டியிருக்கு" என்று யாராவது ஒரு வாண்டு தினமும் சொல்லிவிடுகிறதாம். சிரிப்பு வந்தால் உதட்டுக்கு முன்னால் கை போய்விடுகிறதாம்.

வைத்தியத்துக்கு வந்த பிறகுதான் சுயரூபம் தெரிந்தது. நாற்காலி பின்னால் சாய்ந்ததுமே எழுந்து ஓடினாள். அடுத்த தடவை, எச்சில் உறிஞ்சும் குழாய் 'கர்ர்' என்றது. கழுத்தில் கட்டிய பச்சைத் துணியோடு தெருமுனை வரை போய்விட்டாள். துணியை மீட்க நர்ஸம்மாவும் மூச்சிரைக்க ஓட வேண்டியிருந்தது.

"இன்னிக்கும் ஓடினா இனிமே உனக்கு இங்க நாள் கிடையாது. சொல்லிட்டேன்."

"ஓடமாட்டேன் சிஸ்டர்."

நர்ஸம்மா துணிக்கு இரட்டை முடிச்சுப் போட்டாள். பெண்ணின் கை தொட்டால் சில்லென்றது. எங்கிருந்தோ நெயில் பாலீஷ் வாசனை. பல்லுக்கு வைத்தியம் பார்க்க வந்தவள் நகத்தைச் சிங்காரித்துக்கொண்டு வந்திருக்கிறாளே என்று விரல்களைப் பார்த்தாள். நகங்கள் வெறுமையாக இருந்தன.

"ஊசி கிடையாது. பல்லைக் குடையறது கிடையாது" என்றார் டாக்டர். "புள்ளி மேல ஒரு களிம்பு தடவிக் கழுவுவோம். அப்புறம் தண்ணி மாதிரி ஒரு மருந்து. அது புள்ளிக்குள்ள ஊறிடும். நீல வெளிச்சம் காட்டினா இறுகிடும். புள்ளி கண்ணுக்குத் தெரியாது. பல்லுக்கு ஒண்ணுமே தெரியாது."

"எனக்குத் தெரியுமே டாக்டர்."

"வாயைத் திற."

திறந்தாள். கண்களை இறுக மூடிக்கொண்டாள். டாக்டர் பஞ்சால் பல்லை அழுத்தித் துடைத்தார்.

புள்ளி பஞ்சோடு வந்துவிட்டது.

டாக்டர் பஞ்சைப் பார்த்தார். பல்லைப் பார்த்தார். பல் பளிங்கு மாதிரி இருந்தது.

"என்ன டாக்டர், வைத்தியம் முடிஞ்சுபோச்சா?" நர்ஸம்மா பஞ்சை வாங்கி முகர்ந்தாள். வெள்ளை நெயில் பாலீஷ். "ஏண்டியம்மா, விளையாட நாங்கதான் கிடைச்சோமா? எழுந்திரு!"

"கோவிச்சுக்காதீங்க சிஸ்டர். நான் அவ இல்ல. அவளோட அக்கா. நாங்க ரெட்டைப் பிள்ளைங்க. அவ வெளியே நிக்கறா."

"அவ பல்லுக்கு நீ எதுக்கு உட்கார்ந்தே?"

"அவ பயங்கொள்ளி. சின்ன வயசுலேர்ந்து ஊசியோ கசப்பு மருந்தோ, நான்தான் முதல்ல. ரெண்டும் ஒரே உடம்பு மாதிரிதானே? எனக்கு வலிக்கலைன்னா அவளுக்கும் வலிக்காது. அப்பத்தான் நம்புவா."

"அதுக்குப் புள்ளி எதுக்கு?"

"புள்ளி இல்லாட்டி இந்த நாற்காலியில உட்கார விடுவீங்களா?"

நியாயமாகத்தான் பட்டது. இருந்தாலும் நர்ஸம்மா விடவில்லை. "அப்போ அன்னிக்குத் துணியோட ஓடினது உன் தங்கச்சியா?"

"ஆமா... அவதான்" என்றாள், தலைக்கு மேலிருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு. "சுத்தப் பயங்கொள்ளி."

டாக்டர் சிரித்தார். "சரி, வந்ததுக்குக் கொஞ்ச நேரம் படு. குழாயையும் வெளிச்சத்தையும் காட்டறேன். போய்ச் சொல்ல உனக்கும் ஏதாவது வேணுமே."

குழாய் 'கர்ர்' என்றது. நர்ஸம்மாவின் இரண்டு விரல்கள் அவள் பிடியில் கரும்பு மாதிரி நசுங்கின. ஆனால் ஓடவில்லை. நீல வெளிச்சம் அணைந்ததும் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

துணியைத் தானே அவிழ்த்துக் கொடுத்தாள். யுத்தத்தில் ஜெயித்தவள் மாதிரி வெளியே போனாள். "ஒண்ணுமே இல்லடி! எறும்பு ஊர்ற மாதிரி கூட இல்ல! நான் இருக்கேன்ல, தைரியமாப் போ!" என்று அவள் போட்ட சத்தம் உள்ளே வரை கேட்டது.

தங்கை வந்தாள். அதே முகம், அதே நடை. பல்லில் நிஜப் புள்ளி. நர்ஸம்மா பஞ்சால் தேய்த்துப் பார்த்தே உறுதி செய்துகொண்டாள்.

கழுத்தில் துணியைக் கட்டப் போனால், அவளே வாங்கிக் கட்டிக்கொண்டாள். நாற்காலி சாய்வதற்கு முன்பே சாய்ந்து படுத்தாள். குழாய் இரைந்தது. இவள் காலாட்டிக்கொண்டிருந்தாள்.

நர்ஸம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "உனக்குப் பயமா இல்ல?"

"எனக்கென்ன பயம் சிஸ்டர்?" அவள் கதவை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "முதல் நாள் பல்லைக் காட்டினது மட்டும்தான் நான். ரெண்டு தடவையும் ஓடினது அவதான். நான் எதிர்க்கடை ஓரமா நின்னு பார்த்துட்டிருந்தேன்."

"அப்போ நீயே நேரா உள்ள வந்து உட்கார்ந்திருக்கலாமே? எத்தனை நாளா அந்தச் சாக்பீஸ் பேச்சைக் கேட்டுட்டிருக்கே?"

"எப்படி சிஸ்டர்? சில நிமிஷம் முன்னாடி பிறந்துட்டா. அதனால எதுக்கும் அவதான் முதல்ல. அவளை முந்திக்கிட்டு நான் உட்கார்ந்தா, அக்கான்னு அவளுக்கு என்ன மிச்சம் இருக்கும்?"

நர்ஸம்மாவின் நசுங்கிய விரல்கள் இன்னும் வலித்துக்கொண்டிருந்தன.

டாக்டர் களிம்பை எடுத்தார். "பேசினது போதும். வாயைத் திற."

"ஒரே ஒரு உதவி டாக்டர்" என்றாள் அவள். "எல்லாம் முடிஞ்சதும் அவளைக் கூப்பிட்டு, உன் தங்கச்சி ரொம்பப் பயந்து அழுதுட்டான்னு சொல்லிடுங்க."