முதல் அழுகை

குழந்தை வீறிட்டு அழுதால்தான், பெனிட்டாவின் சட்டையில் குத்தியிருந்த, ஒலி உணரும் மின்னணு வில்லை அந்தப் பிரசவத்தை அவளுடைய பயிற்சிப் பதிவில் சேர்க்கும். கையால் எழுதவும் முடியாது, திருத்தவும் முடியாது. பதிவுக்கு இன்றே கடைசி நாள். இந்த ஒரு பிரசவம் சேர்ந்துவிட்டால் அவள் பதிவுபெற்ற மருத்துவச்சி. தவறினால் இன்னும் ஒரு வருடம் மாணவிதான்.

ஜெசிந்தாவின் மகளோ பிறந்தும் அழவில்லை. செக்கச்செவேலென்று, சீராக மூச்சு விட்டபடி, அம்மாவின் நெஞ்சில் கிடந்து கூரை விளக்கை வேடிக்கை பார்த்தாள்.

"லேசா கிள்ளி விடுங்க சிஸ்டர். ஒங்க வருசம் வீணாப் போயிருமே" என்றாள் ஜெசிந்தா.

பெனிட்டாவின் விரல்கள் அந்தப் பிஞ்சுப் பாதம்வரை போய் நின்றுவிட்டன.

"பொறந்ததும் பொறக்காததுமா எனக்காக இவ ஏன்க்கா அழணும்? வருசம் போனாப் போவுது."

பாதத்தைத் துணிக்குள் பொதிந்துவிட்டு, வெளியே நின்ற தகப்பனைக் கூப்பிட்டாள். நடுக்கடலில் படகு கவிழ்ந்தபோதும் கலங்காதவன் என்று பெயரெடுத்த லூர்து உள்ளே வந்து மகளின் முகத்தைப் பார்த்தான். அவன் உதடு பிதுங்கியது. அடுத்த நொடி, வார்டே அதிரும்படி கதறி அழுதான்.

வில்லை பச்சையாக ஒளிர்ந்தது.

"முதல் அழுகை பதிவானது. நுரையீரல் மிக நன்று."