முதல் நாற்காலி

இதை நான் நேரில் பார்க்கவில்லை. பார்த்தவர் ஒரு வக்கீல் குமாஸ்தா. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பிறகு நானே விசாரித்துக்கொண்டேன்.

குமாஸ்தாவுக்கு அன்று காலையிலிருந்தே காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட அவசரம். பெரிய வழக்கு. "இந்தத் தாடியோட நாளைக்கு என் பக்கத்துல வந்து நிக்காதேய்யா, கட்சிக்காரன் நீதான் குற்றவாளின்னு நினைச்சுக்கப் போறான்" என்று வக்கீல் முந்தின நாளே முகம் சுளித்திருந்தார். வழக்கமான சலூன் பூட்டிக் கிடந்தது. கோர்ட்டுக்குப் போகும் வழியில் கண்ணில் பட்ட இன்னொரு கடைக்குள் நுழைந்தார்.

இரண்டே நாற்காலி. இரண்டாவதில் கடைக்காரரின் மச்சான் முடி வெட்டிக்கொண்டிருந்தான். அவனுக்காகப் பெஞ்ச் நிறைய ஆள். முதல் நாற்காலியில் கடைக்காரர் ஓர் ஒல்லி ஆளுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். அவருக்காக ஒருவர்கூடக் காத்திருக்கவில்லை.

"அப்போ அங்க அடுத்தது நான்தான்" என்று குமாஸ்தா குஷியாகச் சொன்னார்.

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

குமாஸ்தா கண்ணாடியைப் பார்த்தார். கத்தி தாடையில் இறங்கும்போதெல்லாம் நுரையில் சிவப்பு. கடைக்காரர் படிகாரத்தை ஒற்றினார். மறுபடி கத்தி. மறுபடி சிவப்பு. ஒல்லி ஆள் 'ஸ்' என்றுகூடச் சொல்லவில்லை. நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தான்.

"என்ன தம்பி இது அநியாயம்?" என்று குமாஸ்தா மச்சானிடம் கிசுகிசுத்தார்.

"வாரா வாரம் நடக்கிறதுதான் சார். அவன் யாருன்னு தெரியுமா? மாமா கையை வெட்டினவன்."

"என்னது!"

"போதை மாத்திரைக்குக் காசில்ல. கல்லாவுல கை வச்சான். மாமா தடுத்தார். மேஜை மேல இருந்த எங்க கத்தியையே எடுத்து ஒரு இழுப்பு. உள்ளங்கை பிளந்துடுச்சு."

"உள்ள போட்டாங்களா?"

"போட்டாங்க. இருந்துட்டு வந்துட்டான். கோர்ட்ல என்ன சொன்னான் தெரியுமா? 'நான் செய்யல, மாத்திரைதான் செஞ்சுது'ன்னான். மாமா அங்கேயே கத்திட்டார். 'ஏன்டா, மாத்திரைக்குக் கை முளைச்சுதா?'ன்னு."

மச்சான் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தான். குமாஸ்தா விடவில்லை. சட்டம் பேச ஆரம்பித்தால் அவருக்கு அவசரமெல்லாம் மறந்துவிடும்.

"போதைங்கிறது நோய் தம்பி. பாதிக் குற்றம் அவனோடது, பாதி நோயோடது. சரி, அதையும் விடு. தண்டனை குடுத்தாச்சு, அனுபவிச்சாச்சு. அதுக்கு மேலயும் வாரா வாரம் ஒருத்தனைக் கூப்பிட்டு உட்கார வச்சு மூஞ்சியைக் கீறுறதா? அப்புறம் கோர்ட் எதுக்கு? நாங்க எதுக்கு?"

"நீங்க எதுக்குன்னு எனக்கும் தெரியல சார்" என்றான் மச்சான்.

பெஞ்ச் கொல்லென்று சிரித்தது.

ஒல்லி ஆள் எழுந்தான். அவன் வாசலைத் தாண்டியதும் குமாஸ்தா பின்னாலேயே ஓடினார்.

"இந்தாப்பா, நில்லு. பயப்படாதே. அவர் மேல ஒரு புகார் எழுதித் தரேன். சும்மாவே எழுதித் தரேன்."

"எதுக்கு சார்?"

"எதுக்கா? உன் மூஞ்சியைப் பார்த்தியா? பழி வாங்குறாருய்யா!"

அவன் தாடையில் பஞ்சை அழுத்திக்கொண்டே தலையாட்டினான்.

"பழி இல்ல சார். அவரோடது நரம்பு அறுந்த கை. கத்தியைப் பிடிச்சா நடுங்குது. செஞ்சு செஞ்சு பழகினாத்தான் நிக்கும்னு டாக்டர் சொன்னாராம். நடுங்குற கத்திக்கு யார் சார் கழுத்தைக் குடுப்பாங்க?"

குமாஸ்தா தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அதான் நான் வரேன். அவர் கூப்பிடல."

"நீ... கோர்ட்ல மாத்திரை செஞ்சுதுன்னு சொன்னியாமே?"

"அப்படிச் சொல்லச் சொன்னது உங்களை மாதிரி ஒருத்தர்தான் சார். கை என்னோடதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

"மன்னிச்சுட்டாரா?"

"நான் கேக்கல. முதல் தடவை உள்ள வந்தப்ப வெளிய போடான்னார். போகல. இப்பல்லாம் உட்காருங்கிறார். போன மாசத்துக்கு இப்ப காயம் குறைச்சல் சார்" என்று சொல்லிவிட்டு அவன் நடந்தான்.

உள்ளே துண்டை உதறும் சத்தம் கேட்டது.

"சார், நாற்காலி காலி. வாங்க!"

குமாஸ்தா திரும்பினார். கடைக்காரர் புது பிளேடு மாட்டிய கத்தியோடு நின்றார். அதன் முனை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. மொத்தப் பெஞ்சும் குமாஸ்தாவையே பார்த்தது.

கதை சொல்லிக்கொண்டு இந்த இடத்துக்கு வந்தபோது குமாஸ்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மனுஷன்னா அவன்தான்யா மனுஷன். அந்த மாதிரி ஆளுக்கு நாமெல்லாம் துணை நிக்கணும்" என்று தழுதழுத்தார். அதோடு கதையை நிறுத்திவிட்டார். அப்புறம் என்ன ஆயிற்று என்று நான் கேட்டதற்கு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அதைத்தான் அவருடைய வக்கீலிடம் விசாரித்தேன்.

அன்று குமாஸ்தா அதே தாடியோடுதான் கோர்ட்டுக்கு வந்தாராம்.