துடைக்க முடியாத காலடி

கோயம்புத்தூர் பம்பு கம்பெனியில் வேலைக்கு வந்த ஆப்பிரிக்க நாடான மலாவிக்காரன் லிம்பானி, முதல் சம்பளத்திலேயே இணையச் சந்தா கட்டி, தன் ஊர் வனவிலங்குப் பூங்காவின் நேரடிச் சத்தத்தை வாடகை அறைக்கு வரவழைத்துக்கொண்டான். அங்கே மீன்கழுகு கூவினால் இங்கே கேட்கும். யானை கிளை முறித்தாலும் கேட்கும். மனிதக் குரலையும் காலடியையும் மட்டும் துடைத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள்.

அவன் மனைவி தியாமிகே அந்தப் பூங்காவில் வனக்காவலர். தினமும் காலையில் பாடிக்கொண்டே ஆற்றங்கரையில் ரோந்து போவாள். கல்யாணமான புதிதில் அவனும் கூடவே நடந்திருக்கிறான்.

"ஏனுங்க தம்பி, ஆளே இல்லாத காடுங்களா அது?" என்று கேட்டார் வீட்டுக்காரம்மா கோசலை.

"இருக்காங்கக்கா. குரங்கு கத்துதா? என் சம்சாரம் மேட்டுல ஏறிட்டா."

சற்றுப் பொறுத்து மான்கள் தண்ணீரில் பாய்ந்தன. "துறைக்கு வந்துட்டா." நீர்யானைகள் உறுமிவிட்டு அடங்கின. "ஆத்து வளைவைத் தாண்டிட்டா."

மாலையில் மனைவியிடம் போனில் கேட்டான். "இன்னிக்கு வளைவுல நிக்கவே இல்லையே, என்ன அவசரம்?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் சொன்னான். நீர்யானைகள் எவ்வளவு நேரம் உறுமின என்று அவள் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் குரங்குகள் கத்தின, மான்கள் பாய்ந்தன. பிறகு உறுமத் தொடங்கிய நீர்யானைகள் ஓயவே இல்லை. வேலைக்கு நேரமாகியும் லிம்பானி எழுந்திருக்கவில்லை.

"இன்னைக்கு என்னங்க தம்பி இத்தனை சத்தம்?" என்றார் கோசலை.

"நகர மாட்டேங்கிறாக்கா" என்றான்.