ஆறுமணிக்குருவி

காலை ஆறு மணிக்கே குவார்ட்டர்ஸ் சமையலறை ஜன்னலில் கேமராவுடன் நின்றார் நல்லசாமி. கோடையில் குக்குறுவானையும் மழையில் தேன்சிட்டையும் எடுத்துவிட்டார். ஆறுமணிக்குருவி மட்டும் பாக்கி. வலசை போகிற பறவை. இந்த மாதம் விட்டால் அடுத்த வருடம்தான்.

"நான் காலை ஷிப்ட் போன நாளெல்லாம் குழாயடியில வந்து குளிச்சுதுன்னியே. லீவு போட்டு நிக்கிறேன், ஒரு வாரமா காணோம். நீ துணி காயப்போட்டு விரட்டிட்ட."

"ஆமா, உங்க பனியனப் பார்த்துப் பயந்து ஓடிடுச்சு" என்றாள் மனைவி அகிலா.

வாசலில் பிளம்பர் ராயப்பன் நோட்டை நீட்டினார். "குழாய் ஒழுகுதுன்னு எட்டு கம்ப்ளெயின்ட் குடுத்தீங்களே சார். போன வாரம் மாத்தினதுலருந்து ஒரு சொட்டு விழுதா? கையெழுத்துப் போடுங்க."

காய்ந்து கிடந்த குழாயடியைத் திரும்பிப் பார்த்தார் நல்லசாமி.

"ராயப்பன், அந்தப் பழைய குழாயத் தூக்கிப் போட்டுட்டீங்களா?"