மூன்றாம் சர்வர்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சர்வர்களை ரெனிட்டாதான் கவனித்துவந்தாள். ஒவ்வொரு சர்வரிலும் ஒரு கண்காணிப்பு மென்பொருள் இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது சர்வரின் சூட்டை அவள் கணினிக்கு அனுப்பும்.

2007 மே மாதம் மூன்றாம் சர்வர் பழுதானது. டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, பெட்டியை, எளிதில் தீப்பற்றும் பசை டின்கள் வைக்கும் கிடங்கில் போட்டார்கள். ஓடாத சர்வர் தகவல் அனுப்புவதற்கான அனுமதியை விட்டுவைத்தால் வெளியாள் யாராவது அதைப் பயன்படுத்தி உள்ளே வரலாம் என்பதால், ரெனிட்டா அன்றே அதை ரத்து செய்தாள்.

அடுத்த வியாழக்கிழமை காலை அந்த மூன்றாம் சர்வரிடமிருந்து தகவல் வந்தது. 41 டிகிரி. அடுத்தது 58. அதற்கடுத்தது 84.

வெளியாள் யாரோ உள்ளே புகுந்துவிட்டதாகப் பயந்து, மேனேஜர் இன்பசேகரனிடம் சொன்னாள்.

"இன்னாம்மா சொல்ற? அதுக்குக் கரண்டே இல்லியே!"

பெட்டியைப் பார்க்க இருவரும் கிடங்குக்கு ஓடினார்கள். பசை டின்களுக்கு மேலே சுவரில் ஒயர் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. இன்பசேகரன் மெயினை அணைத்தார். பக்கத்துத் தையல் கூடத்திலிருந்த அறுபது பெண்களும் வெளியே ஓடிவந்தார்கள்.

"நெடி ஏறுதும்மா, வெளிய வந்துடு" என்று அவர் கத்தினார்.

ரெனிட்டா நகரவில்லை. மூலையில் கிடந்த அந்தப் பெட்டிக்குள் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் பார்க்கப் பார்க்க அது மெல்ல நின்றது.